ஏழு நாள் முகாமுக்குக் கிளம்பும் ஜூனியர்களுக்கு

நாட்டு நலப்பணித் திட்டத்தில் பெயர் கொடுத்தால் ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டாண்டில் 240 மணி நேரம், நடுவில் தத்தெடுத்த கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாம். சான்றிதழுக்கு இவ்வளவு போதும். தஞ்சாவூர்ப் பக்கத்தில் இந்த முகாம் பல நேரம் பொங்கல் கழிந்து, சம்பா அறுவடை நடக்கிற நாட்களில் வந்து விழுகிறது. ஊரே வயலிலும் களத்திலும் கிடக்கும்போது நாம் போய்ப் பள்ளிக்கூட வராந்தாவில் பாய் விரிப்போம். நம் தொடக்க விழாவுக்கு நாற்காலிகள்தான் வந்து உட்கார்ந்திருக்கும். அதற்காக முகம் வாட வேண்டாம். டெல்டாவின் சிரமத்தைக் கிட்டத்தில் பார்க்க அதைவிட நல்ல காலம் கிடையாது.

மூன்றாம் ஆண்டு முடித்துக் கிளம்புகிறவள் என்ற உரிமையில் எழுதுகிறேன். டார்ச் லைட், கொசுவத்தி, போர்வை எல்லாம் உங்கள் திட்ட அலுவலரே சொல்லிவிடுவார். முகாம் நோக்கங்களில் 'பிறர் துன்பத்தைப் புரிந்துகொள்ளுதல்' என்று ஒரு வரி இருக்குமே, அதைப் பற்றி மட்டும்தான் இது. துன்பத்தைப் பார்த்துக் கண்கலங்க ஒரு சாயங்காலம் போதும். அது எந்த வழியாக ஒரு வீட்டுக்குள் நுழைகிறது என்று கண்டுபிடிக்கத்தான் நாள் பிடிக்கும்.

செய்ய வேண்டியவை

தண்ணீர்க் கணக்கைத் தெரிந்துகொண்டு பஸ் ஏறுங்கள். மேட்டூர் அணை வழக்கப்படி திறக்க வேண்டிய நாள் ஜூன் 12, மூடும் நாள் ஜனவரி 28. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிற தண்ணீர், ஏ, பி, சி, டி என்று இறங்கிக்கொண்டே போகும் வாய்க்கால்களில் கடைசியாக வயலைத் தொடுகிறது. திறப்பு தள்ளிப்போனால் போர்செட் இல்லாதவருக்குக் குறுவை போச்சு. குறுவை போனால் நிலம் வைத்திருப்பவருக்கு ஒரு போகம் நட்டம், நிலமே இல்லாத பெண்ணுக்கு நாற்றுப் பறியும் நடவும் களையெடுப்பும் சேர்ந்து போயின. செய்தித்தாளில் முதல் நட்டம்தான் வரும். ஆகவே ஊருக்குள் போனதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்த ஊருக்கு எந்த வாய்க்கால், தலைமடையா கடைமடையா என்பது. கேட்டுப் பாருங்கள், "பரவால்லயே, விவரம் தெரிஞ்ச புள்ளைங்களா இருக்கே" என்று திண்ணையில் இடம் கிடைக்கும்.

வயதில் மூத்தவர் யாராக இருந்தாலும் 'ங்க' போட்டுப் பேசுங்கள். ஆயா, தாத்தா, அக்கா, அண்ணே, எது வாயில் வருகிறதோ அது. இதைச் சொல்லவும் வேண்டுமா என்று தோன்றும். வேண்டும். நிலம் வைத்திருக்கிற வீட்டுச் சிறுபிள்ளை, எழுபது வயது பண்ணையாளைப் பேர் சொல்லி 'வாடா' என்று கூப்பிட்ட ஊர்கள் இவை. அந்த வாடை இன்னும் முழுக்கப் போகவில்லை. மேலத்தெருப் பெரியவரிடம் "சொல்லுங்கய்யா" என்று குனிகிற அதே மாணவர், அடுத்த தெருவில் அதே வயதுக்காரரிடம் "நீ எத்தன மணிக்கு வேலைக்குப் போவ?" என்று நோட்டுப் புத்தகத்தை விரிப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். பதில் மட்டும் சுருங்கிப் போகும்.

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஒரு பகல் முழுக்க உட்காருங்கள். கோவில் குளத்தைச் சுத்தம் செய்கிற வேலையை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். ஒரு குடும்பத்தின் ஐந்து மாத உழைப்பு பணமாகும் இடம் அது. நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது விதி. தை மாதப் பனியில், இயந்திரம் அறுத்துக் கொட்டுகிற நெல் அந்தக் கணக்குக்குள் தானாக வந்து நிற்காது. காயவைக்கக் களம் வேண்டும். களம் இல்லாதவருக்குத் தார்ச்சாலைதான் களம். ரோட்டில் நெல்லைப் பரப்பி வைத்திருக்கிறார்களே, பைக் சறுக்குகிறதே என்று நாம் எரிச்சல்படுகிறோம் அல்லவா, அதன் பின்கதை இதுதான்.

வரிசையில் மூட்டை ஏறும்வரை ராத்திரிக் காவல் யாராவது இருக்க வேண்டும். திடீரென்று மழை இறங்கினால் தார்ப்பாய் யாரிடம் இருக்கிறதோ அவர் நெல் பிழைக்கும், மற்றது முளைத்துவிடும். மழை வீணடித்த ஆண்டுகளில் ஒன்றிய அரசு ஈரப்பத வரம்பைத் தளர்த்தியதும் உண்டு. ஆனால் தளர்த்தக் கேட்டு, குழு வந்து பார்த்து, உத்தரவு வந்து சேர்வதற்குள் பலர் கிடைத்த விலைக்கு வியாபாரியிடம் தள்ளிவிட்டிருப்பார்கள். 40 கிலோ மூட்டை ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று கைமாறுவதாக ஆண்டுதோறும் புகார் எழுகிறது. அதைக் கேட்டதும் கொதிக்கிற வயது நமக்கு. கொதிப்பதற்கு முன், மூட்டை தூக்குகிறவரிடமும் பேசுங்கள். அவருக்கு மூட்டைக்கு என்ன கூலி, வருடத்தில் எத்தனை மாதம் வேலை, மீதி மாதம் எங்கே போகிறார் என்று கேளுங்கள். கொடுக்கிறவர் கதையை மட்டும் கேட்டு வந்தால் பாதிக் கதைதான் கையில் இருக்கும்.

நிலம் யார் பேரில், உழைப்பு யாருடையது என்று விசாரியுங்கள். கோவில் நிலமும் மடத்து நிலமும் நிறைந்த பூமி இது. வாய்மொழிக் குத்தகைக்கு உழுகிறவர்கள் ஏராளம். வெள்ளம் வந்தாலும் வறட்சி வந்தாலும் நிவாரணத்துக்கும் பயிர்க் காப்பீட்டுக்கும் அடங்கல் (பயிர்க் கணக்குத் தாள்) கேட்பார்கள். வாயால் பேசிய குத்தகைக்கு அந்தத் தாள் சுலபத்தில் கிடைக்காது. பயிர் இவருடையது, பணம் வந்தால் அவருடையது. படித்த பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து, எந்தத் திட்டத்துக்கு எந்தத் தாள், கடைசித் தேதி என்ன, இ-சேவை மையத்தில் எவ்வளவு கட்டணம் என்று தமிழில் பெரிய எழுத்தில் எழுதிப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். சுவரில் நாம் வரைகிற பூமி உருண்டையைவிட அதை நின்று படிப்பார்கள்.

எல்லாத் தெருவுக்கும் போங்கள், எல்லாத் தெருவிலும் சாப்பிடுங்கள். தங்கும் பள்ளிக்கூடம் ஒரு தெருப் பக்கம் இருக்கும், சமையல் ஒரு தெருக்காரர் செய்வார், கொடி ஏற்ற ஒரு தெருப் பெரியவர் வருவார். நாம் கவனிக்காமலேயே முகாம் ஒரு தெருவின், அதாவது ஒரு சாதியின், முகாம் ஆகிவிடும்.

இதைச் சொல்லும்போது ஒரு தேதியையும் சொல்ல வேண்டும். 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய கிழக்குத் தஞ்சையின் கீழவெண்மணியில், ஒரு குடிசைக்குள் ஒதுங்கிய 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும்தான் அதிகம். கூலியைக் கொஞ்சம் உயர்த்திக் கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள் அவை. நம்முடைய திட்டம் காந்தி நூற்றாண்டையொட்டி 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது 1969 செப்டம்பர் 24. ஒன்றுக்கும் மற்றதற்கும் தொடர்பில்லை, ஒன்பது மாத இடைவெளிதான். ஆனால் தஞ்சையில் சேவை என்று கிளம்புகிற மாணவர் இரண்டு தேதியையும் சேர்த்தே தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. செப்டம்பர் 24ஐ ஆண்டுதோறும் கேக் வெட்டிக் கொண்டாடுகிறோம், டிசம்பர் 25 நமக்குப் பாடத்தில்கூட வந்ததில்லை.

கீழவெண்மணிச் செய்தி கேட்டுச் சர்வோதய ஊழியர் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் அவர் கணவர் ஜெகந்நாதனும் கீழத்தஞ்சைக்கு வந்தார்கள். வந்தவர்கள் அங்கேயே தங்கினார்கள். 1981இல் லாஃப்டி அமைப்பைத் தொடங்கி, நிலவுடைமையாளர்களிடம் பேசி விலைக்கு வாங்கி, நிலமில்லாத பெண்கள் பேரில் ஆயிரக்கணக்கான ஏக்கரைப் பதிய வைத்தார்கள். நம்மை யாரும் அங்கேயே தங்கச் சொல்லவில்லை. ஏழு நாளில் திரும்பிவிடுவோம் என்பது நமக்கு ஞாபகம் இருந்தால் சரி.

செய்யக்கூடாதவை

பழைய துணி கொண்டு போகாதீர்கள். 2004 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அதன்பின் நாடெங்கிலுமிருந்து லாரி லாரியாக வந்த உடுத்திய துணிகள் சாலையோரம் மலைபோல் குவிந்து மழையில் நனைந்து கிடந்தன. வேண்டாததை அங்கே கொட்டினார்கள், அள்ளுகிற வேலையும் அந்த ஊர் தலையிலேயே விழுந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்த பிறகு நிவாரண வண்டிகள் பிரதான சாலையோர ஊர்களிலேயே காலியாகின, உள்ளே இருந்த ஊர்கள் காத்திருந்தன. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாட்டில் தென்னை சாய்ந்தவருக்கு அன்றைக்குத் தேவைப்பட்டது விழுந்த மரத்தை அறுத்து அகற்ற ஆளும் ரம்பமும். நெட்டைத் தென்னை மறுபடி காய்க்க ஆறேழு வருடம் ஆகும். அந்த வருடங்களில் அவர் என்ன செய்தார் என்று கேட்க இன்றைக்கும் நேரம் இருக்கிறது, யாரும் கேட்பதில்லை.

ஆளைப் படம் எடுக்காதீர்கள். மண்வெட்டி பிடித்த உங்கள் கையைப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் வையுங்கள், அது உங்கள் பாடு. ஓட்டை வீட்டு வாசலில் நிற்கிற ஆயாவின் படம் வேறு. அவர் பேத்தியும் ஏதோ ஒரு கல்லூரியில் படிக்கிறாள், அவள் போனிலும் அந்தப் படம் வரும்.

'அவங்க', 'நாம' என்று பிரித்துப் பேசாதீர்கள். எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். ராத்திரி முகாமில் வட்டமாக உட்கார்ந்து அன்றைய அனுபவத்தைப் பகிர்வோம். "பாவம், அவங்க எவ்ளோ கஷ்டப்படுறாங்க, நாமல்லாம் குடுத்து வெச்சவங்க" என்று ஒருத்தர் ஆரம்பித்தால் வட்டம் முழுக்க அதே பாட்டு. அந்த வட்டத்தில் இருக்கிற சிலர் இதேபோல் ஓர் ஊரிலிருந்து காலை முதல் பஸ்ஸைப் பிடித்துக் கல்லூரிக்கு வருகிறவர்கள். அவர்களுடைய அம்மா அன்றைக்கும் களத்தில் வெயிலில் நின்று நெல் காயவைத்திருப்பார். நூறு நாள் வேலை அட்டையும் வாரக் கடன் அட்டையும் அவர்கள் வீட்டு உத்தரத்திலும் செருகியிருக்கும். அவர்கள் அந்த வட்டத்தில் வாய் திறப்பதில்லை. திறந்தால் மறுநாள் நோட்டுப் புத்தகம் தங்கள் பக்கம் திரும்பும் என்று தெரியும். யார் அப்படி என்று துழாவவும் வேண்டாம். பக்கத்தில் இருக்கிறவரின் வீட்டைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம் என்ற நினைப்பில் பேசினால், பேச்சின் தொனி தானாக மாறும்.

மாசி, பங்குனியில் மரக்கன்று நடாதீர்கள். நட்டே ஆக வேண்டுமென்றால் சித்திரை வெயிலில் யார் குடம் தூக்குவார் என்பதை முதலில் பேசி முடியுங்கள். போன முகாமின் கன்றுகளுடைய வெறும் கூண்டுகளைப் பல ஊரில் பார்க்கலாம். ஆடு கட்ட உதவுகின்றன.

கடன் எவ்வளவு என்று முதல் நாளே கேட்காதீர்கள். புருஷனுக்குத் தெரியாத கடன் உண்டு, மருமகளுக்குத் தெரியாத அடகு உண்டு. கணக்கெடுப்புத் தாளில் கட்டம் இருக்கிறது என்பதற்காக வாசலில் நின்று சத்தமாகக் கேட்டு அதை நிரப்ப வேண்டியதில்லை. காலியாக விடலாம், யாரும் மதிப்பெண் குறைக்க மாட்டார்கள்.

குடி கெடுக்கும் என்று வீதி நாடகம் போடாதீர்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற பெண்களுக்கு அந்தப் பாடம் உங்களைவிட நன்றாகத் தெரியும். பார்க்க வேண்டியவர் அந்நேரம் கடையில் இருப்பார்.

வட்டாட்சியரிடம் சொல்லிச் செய்து தருகிறோம் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். மனு எழுதிக் கொடுங்கள், நகல் எடுத்துக் கொடுங்கள், அத்தோடு நிறுத்துங்கள். நம் வாக்கை நம்பி ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத் தாலுகா ஆபீஸ் வாசலில் ஒருவர் நின்றால், அந்தக் கூலியை நாம் தரப்போவதில்லை.

முகாம் அறிக்கையில் 'கிராம மக்களுக்கு விழிப்புணர்வு ஏற்படுத்தினோம்' என்று எழுதாதீர்கள். எந்த வாய்க்கால் எத்தனை அடி தூர்ந்திருக்கிறது, எந்தத் தெருக் குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வருகிறது, கொள்முதல் நிலையத்தில் தார்ப்பாய் இருந்ததா, ஆண் கூலி என்ன, பெண் கூலி என்ன என்று எழுதுங்கள். மூன்று நகல் எடுத்து ஒன்றைக் கல்லூரிக்கும் ஒன்றைப் பஞ்சாயத்து அலுவலகத்துக்கும் கொடுங்கள். மூன்றாவதை அடுத்த ஆண்டு அதே ஊருக்குப் போகிற ஜூனியர் கையில் கொடுத்து, முதல் பக்கத்திலிருந்து சரிபார்க்கச் சொல்லுங்கள்.