நம்ம பிள்ளைகளும் துடுப்புப் பிடிக்கலாம்



மேலூர் பக்கம் ஒரு குழுக் கூட்டம். சேமிப்பு, கடன் தவணை எல்லாம் எழுதி முடித்த பிறகு ஒரு அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னார். "மேடம், எம்பொண்ணு காலேஜ்ல என்.சி.சி. கடற்படைப் பிரிவுல இருக்கா. படகு வலிக்கிற கேம்ப்புக்குப் பேரு எழுதியிருக்காங்களாம். வயசுப் புள்ள, தண்ணிக்குள்ள போயி என்ன பண்ணப் போறா? வேணாம்னுட்டேன்."

அன்று சரியாகப் பதில் சொல்ல நேரமில்லை. அதனால் இந்த மாதப் பாடம் இதுதான்.

துடுப்புப் படகு விளையாட்டு என்றால் என்ன?

வண்டியூர் தெப்பக்குளத்தில் தைத் தெப்பத்தன்று வடம் பிடித்து இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். கையால் மட்டுமா இழுக்கிறார்கள்? காலை ஊன்றி, உடம்பையே பின்னால் சாய்த்து இழுக்கிறார்கள். துடுப்புப் போடுவதும் அப்படித்தான். படகு நீளமாக, ஒடுக்கமாக இருக்கும். போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். உட்காரும் பலகை முன்னும் பின்னும் நகரும். முதலில் கால் உந்தும், அடுத்து முதுகு சாயும், கடைசியில்தான் கை இழுக்கும். ஒலிம்பிக்கில் பந்தய தூரம் 2000 மீட்டர். பெண்களுக்கு 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக் முதலே போட்டி உண்டு.

இதனால் என்ன நன்மை?

1. கால், இடுப்பு, முதுகு, வயிறு, தோள், கை எல்லாம் ஒரே நேரத்தில் வலுப்பெறும்.
2. மூச்சு வாங்கும் பயிற்சி என்பதால் இதயமும் நுரையீரலும் பலப்படும்.
3. உட்கார்ந்து செய்வதால், ஓடும்போது போல முழங்காலில் அதிர்ச்சி விழாது.
4. எட்டுப் பேர் படகில் ஒருவர் முந்தினாலும் பிந்தினாலும் படகு தடுமாறும். சேர்ந்து போகும் பழக்கம் வரும். இது நம் குழுவுக்குத் தெரிந்த பாடம்தானே!

"நாங்க செய்யாத வேலையா? களை எடுக்கிறோம், தண்ணி சுமக்கிறோம்" என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் குனிந்தே செய்யும் வேலை ஒரே இடத்தைத் தேய்க்கும். முறையான பயிற்சி உடம்பு முழுவதையும் தேற்றும்.

கடல் இல்லாத ஊர்க்காரர்களுக்கு முடியுமா?

மகாராஷ்டிரா நாசிக் மாவட்டத்தில் வறட்சியான ஒரு கிராமத்தில் பிறந்தவர் தத்து போகனல். அப்பாவுடன் கிணறு வெட்டும் வேலைக்குப் போனவர். 2012-ல் ராணுவத்தில் சேர்ந்த பிறகுதான் துடுப்பையே தொட்டார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் 13-ஆம் இடம் பிடித்தார். 2018 ஆசிய விளையாட்டில் நால்வர் படகில் தங்கம் வென்ற அணியில் இருந்தார். ஒடிசாவைச் சேர்ந்த பிரதிமா புகானாவும் பிரமிளா மின்சும் 2010 ஆசிய விளையாட்டில் இருவர் படகில் வெண்கலம் வென்றார்கள். தமிழக அரசு வேலைகளில் சாதித்த விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடும் உண்டு.

கவனிக்க வேண்டியவை

முதலில் நீச்சல். அதற்குப் பிறகுதான் படகு. மதுரை ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்க அலுவலகத்தில் நீச்சல் பயிற்சி பற்றியும் மற்ற பயிற்சிகள் பற்றியும் விசாரிக்கலாம். பயிற்சியாளரும் மிதவைச் சட்டையும் இல்லாமல் கண்மாயில் இறங்கக் கூடாது. முதுகை வளைத்து இழுத்தால் இடுப்பு வலி வரும். ரத்த அழுத்தம், அடியிறக்கம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது.

வீட்டில் செய்து பார்க்க

தரையில் கால் நீட்டி உட்காருங்கள். துடுப்புப் பிடித்தது போல் கைகளை முன்னால் கொண்டு போங்கள். மூச்சை இழுத்தபடி மெல்லப் பின்னால் சாயுங்கள். மூச்சை விட்டபடி முன்னால் வாருங்கள். ஐந்து முறை போதும். வலித்தால் நிறுத்திவிடுங்கள்.

குழுவில் பேச

- நம் குழுவில் எத்தனை பேருக்கு நீச்சல் தெரியும்?
- மகனை அனுப்பும் இடத்துக்கு மகளை அனுப்பத் தயங்குவது ஏன்?
- கேம்ப்பில் பெண் பயிற்சியாளர், தங்குமிடம், பாதுகாப்பு பற்றி யாரிடம் கேட்பது?

மூன்றாவது கேள்வியைத்தான் அந்த அக்காவிடமும் சொன்னேன். பயம் நியாயமானது. ஆனால் விசாரித்துவிட்டு மறுப்பது வேறு, விசாரிக்காமலே மறுப்பது வேறு. "சரி மேடம், காலேஜ்ல போயிக் கேட்டுட்டு வர்றேன்" என்றார். ஊக்குநரும் கூடப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.