கடலகக் காட்சி: பீபீ தீவுகளுக்கு ஒரு பகற்செலவு

கடலைக் கரையில் நின்று காண்பவர் பலர். மரக்கலத்தில் அமர்ந்து காண்பவர் சிலர். அதன் மேற்பரப்பில் முகங்கவிழ்ந்து கிடந்து, அகத்தே நிகழ்வனவற்றை நாழிகைக் கணக்காக நோக்கியிருப்பார் முற்காலத்தில் மிக அரியர். முகத்திற் பொருந்தும் ஒரு கண்ணாடியும், வாயிற் கவ்வும் ஒரு குழாயும் எளிதிற் கிடைக்கத் தொடங்கிய பின்னர் நீச்சலில் வல்லுநர் அல்லாதாரும் அக்காட்சியைப் பெறலாயினர். ‘ஸ்நார்க்கலிங்’ என்று உலகெங்கும் வழங்கும் இம்மிதவை நோக்கு இன்று வெப்ப நாடுகளின் கடற்கரைகளிற் பெரியதொரு வாணிகமாகியுள்ளது. காலையில் வேகப்படகில் ஏறி, வழிகாட்டி ஒருவருடன் தீவுகள் சிலவற்றைச் சுற்றி, இடையிடையே நீரில் இறங்கி, மாலையில் மீளும் பகற்செலவே அவ்வாணிகத்தின் வழக்கமான உருவம். அத்தகைய செலவொன்றைப் பற்றி, மாணவர் அறியத்தக்க அளவில், இங்கே எழுதப் புகுகின்றோம்.

இடம் தாய்லாந்தின் மேலைக்கடற்கரை. சியாம் என்று நம் முன்னோர் அறிந்திருந்த அந்நாடு 1939-ஆம் ஆண்டில் இப்பெயர் பூண்டது. அதன் மேற்கில் விரியும் அந்தமான் கடலில், பூக்கெட் தீவுக்கும் கிராபிக் கரைக்கும் நடுவே பீபீ தீவுகள் உள்ளன. பெரியதாகிய பீபீ தோனில் மக்கள் வாழ்கின்றனர். பீபீ லே என்னும் சிறியதில் ஊரில்லை. மூங்கில் தீவு, கொசுத்தீவு என்னும் பொருள்படும் பெயருடைய திட்டுகளும் அருகே உண்டு. 1983-இல் இவை ஒரு தேசியப் பூங்காவின் பகுதியாக்கப்பட்டன. இக்கரை தமிழர்க்கு முற்றும் புதியதன்று. பொன்னின் மாற்று அறியும் உரைகல் ஒன்று, ‘பெரும்பதன் கல்’ என்று தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறிக்கப்பெற்றது, கிராபி மாவட்டத்தைச் சேர்ந்த குவான் லுக்பாட் என்னுமிடத்திற் கிடைத்துள்ளது. பொற்கொல்லன் ஒருவன் தன் தொழிற்கல்லுடன் சென்ற கடல்வழியிலே நாம் இன்று வேடிக்கை காணச் செல்கின்றோம்.

செல்லத்தக்க காலம் கார்த்திகை தொடங்கிச் சித்திரை முற்பகுதி வரையாகும். வைகாசி முதல் ஐப்பசி வரை தென்மேற்குப் பருவக்காற்று அக்கரைமேல் நேரே மோதுவதால் அலை பெரிது, நீரும் கலங்கியிருக்கும். அக்காலத்திலும் படகுகள் ஓடாமலில்லை. 2018-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் நாள் பூக்கெட்டுக்கு அப்பால், சுற்றுலாப் பயணிகளை ஏற்றிய படகொன்று புயற்காற்றிற் கவிழ்ந்து 47 பேர் இறந்தனர். வானிலை எச்சரிக்கை இருந்தும் கடலேறிய நாள் அது. கட்டிய பணம் திரும்பாதே என்னும் கவலையினால் எச்சரிக்கையைப் புறக்கணித்தல் அறிவுடைமையாகாது.

வேகப்படகின் இயல்பையும் அறிந்து ஏறுதல் வேண்டும். சாதாரணப் படகு நீரைப் பிளந்துகொண்டு செல்வது. பின்புறத்தே இரண்டு மூன்று பொறிகள் பூட்டிய இவ்வகைப் படகோ, வேகம் மிகுந்தவுடன் நீரின் எதிர்த்தாக்கத்தால் மேலெழுந்து, அதன் மேற்பரப்பில் வழுக்கி ஓடுவது. அதனாலேயே பெரிய கப்பல் இரண்டு மணி நேரத்திற் கடக்கும் தொலைவை இது ஏறக்குறைய ஒரு மணியிற் கடந்துவிடுகின்றது. ஆனால் ஒவ்வோர் அலைமுகட்டினின்றும் படகின் முன்பாகம் தூக்கியெறியப்பட்டு அறைந்து வீழும். பின்பாகம் அவ்வளவு அசைவதில்லை. இளைஞர் விரும்பி ஓடி அமர்வது முன்னிருக்கையிலே. அங்கே அமர்ந்தவர்க்கு முதுகெலும்பு நசுங்கி முறிந்த நிகழ்ச்சிகள் மருத்துவ ஏடுகளிற் பதிவாகியுள்ளன. கருவுற்ற பெண்டிரையும் முதுகுநோய் உடையாரையும் ஏற்ற மறுக்கும் படகினர் நல்லவரென்றே கொள்க.

இனி, நீரினுள்ளே கண் ஏன் மங்குகின்றது? பௌதிக நூல் பயின்றார்க்கு விடை எளிது. காற்றிலிருந்து வரும் ஒளியை வளைத்து விழித்திரையிற் குவிக்கும் வேலையில் ஏறத்தாழ மூன்றில் இருபங்கினைச் செய்வது கண்ணின் முன்னே கவிந்துள்ள தெளிந்த படலம். எஞ்சியதை உள்ளிருக்கும் வில்லை செய்கின்றது. அப்படலத்தின் ஒளிமுறிவுத் திறம் நீரின் திறத்தோடு பெரிதும் ஒத்தது. ஆகையால் நீர் கண்ணைத் தொட்டவுடன் படலத்தின் வேலை அற்றுப்போகின்றது, உருவங்கள் குழம்புகின்றன. கண்ணுக்கு முன்னே சிறிது காற்றை அடைத்து வைப்பதொன்றே முகக்கண்ணாடியின் தொழில். அவ்வாறு நோக்குங்கால் பொருள்கள் தம் உண்மைத் தொலைவில் முக்காற்பங்கிலும், மூன்றிலொரு பங்கு பெரியனவாயும் தோன்றும். மீன் பிடித்தவன் சொல்லும் அளவைவிட மீன் பார்த்தவன் சொல்லும் அளவு பெரிதாயிருத்தற்குக் காரணம் இதுவே.

இவ்விடத்து வியக்கத்தக்கதொரு செய்தி உண்டு. அந்தமான் கடலிலே மோக்கென் என்னும் கடல்வாழ் குடியினர் உளர். அவர்தம் சிறுவர் கண்ணாடி ஏதுமின்றி மூழ்கிச் சிப்பியும் நத்தையும் பொறுக்குவர். சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் சுரின் தீவுகளுக்குச் சென்று சோதித்து, ஐரோப்பியச் சிறுவரைக் காட்டிலும் இவர்கள் நீருள் இருமடங்கு நுட்பமாய்க் காண்கின்றனர் என்று 2003-இல் வெளியிட்டனர். கண்ணின் பாவையைச் சுருக்கியும் வில்லையைத் திரட்டியும் இவர்கள் அதனைச் செய்கின்றனராம். பின்னர்ப் பயிற்சி கொடுத்தபோது சுவீடன் சிறுவரும் அத்திறனைப் பெற்றனர். பிறவிக் கொடை என்று கருதத்தக்கதொன்று பழக்கத்தின் பயனாயிற்று.

கண்ணாடியைத் தேர்வதற்கு ஒரு முறையுண்டு. வாரை மாட்டாமல் முகத்திற் பொருத்தி மூக்கினால் மெல்ல உள்ளிழுத்தால், கைவிட்டபோதும் அது ஒட்டிக்கொண்டிருத்தல் வேண்டும். தலைமயிர் இடையிற் சிக்கினாலும், அடர்ந்த மீசை இருந்தாலும் நீர் கசியும். மீசையை இழக்க மனமில்லாதார் கசிவைப் பொறுத்தே ஆகவேண்டும். கண்ணாடியின் உட்புறத்திற் சிறிது உமிழ்நீர் தடவிக் கழுவினால் ஆவி படியாது. கேட்பதற்கு அருவருப்பாயினும் இதனினும் எளிய வழி வேறில்லை.

மூச்சுக்குழாய் சுமார் ஒரு முழ நீளமே உடையது. இதனை இரண்டு முழமாக்கினால் இன்னும் ஆழத்திற் செல்லலாமே என்று கேட்பார் உண்டு. ஆழம் பத்து மீட்டர் மிகுந்தோறும் நீரின் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடுகின்றது. ஒரு மீட்டர் ஆழத்திலேயே அதிற் பத்திலொரு பங்கு மார்பை நெருக்கும். மேலேயுள்ள காற்றை அந்நெருக்கத்திற்கு எதிராக இழுக்கும் வலிமை மார்புத் தசைக்கு நெடுநேரம் இராது. மேலும், குழாய் நீண்டால் வெளிவிட்ட கெட்ட காற்றையே மீண்டும் உட்கொள்ள நேரும். ஆதலின் மிதப்பவன் மேற்பரப்பிலேயே இருத்தல் வேண்டும். மெதுவாகவும் ஆழமாகவும் மூச்சுவிடல் வேண்டும். நெடுநேரம் மூழ்கவேண்டிப் பன்முறை விரைந்து மூச்சிழுத்துப் பின் அடக்குவது கொடிய பழக்கம். மூச்சுமுட்டும் உணர்ச்சி எழுமுன்னரே அறிவு மயங்கி இறந்தவர் உளர். அவருட் பலர் நன்றாய் நீந்தத் தெரிந்தவர்.

உள்ளே காணப்படுவது யாது? வண்ணப் படங்களை நம்பிச் சென்றவர் முதலில் ஏமாற்றமடைவர். செந்நிற ஒளியை நீர் முதற் சில மீட்டர்களிலேயே விழுங்கிவிடும். அன்றியும், நலமாக வாழும் பவழத்தின் நிறம் பெரும்பாலும் மண்ணிறமே. பவழம் என்பது எண்ணிறந்த சிற்றுயிர்கள் சேர்ந்து சுண்ணாம்பினாற் கட்டிய வீடு. அவ்வுயிர்களின் உடலினுள்ளே நுண்பாசிகள் குடியிருந்து, கதிரவன் ஒளியால் உணவாக்கித் தம்மைத் தாங்குவோர்க்கும் அளிக்கின்றன. அம்மண்ணிறம் பாசியின் நிறமே. கடல்நீர் வழக்கமான கோடைவெப்பத்திற்கு மேல் ஒரு பாகை மட்டும் மிகுந்து சில வாரங்கள் நீடிப்பின் பாசிகள் வெளியேற்றப்படும், பவழம் வெளிறும், வெப்பம் தணியாவிடின் பட்டினியால் மடியும். அந்தமான் கடலில் 2010-இல் அவ்வாறு பெருமளவில் வெளிறியது. 2024-இலும் தாய்லாந்தின் பூங்காக்கள் பல இதன்பொருட்டு மூடப்பட்டன. பளிங்குபோல் வெளுத்த பவழத்தைக் கண்டு, ‘எத்துணை அழகு!’ என்று மகிழ்வார், நோயாளியின் வெளுப்பை நிறமென்று புகழ்வாரை ஒப்பர்.

பவழத்தை அலகாற் கொறிக்கும் கிளிமீனின் ஒலியைச் செவிசாய்த்தாற் கேட்கலாம். அது விழுங்கிய சுண்ணாம்பு தூளாகி வெளிவருகின்றது. பெரிய கிளிமீன் ஒன்று ஆண்டொன்றிற் பல நூறு கிலோ மணலை இவ்வாறு ஆக்கவல்லது. நாம் படுத்து இளைப்பாறும் வெண்மணலிற் கணிசமான பங்கு மீனின் கழிவே. கடற்சாமந்தியின் நச்சிழைகளுக்கிடையே அஞ்சாது உறையும் செம்மஞ்சள் மீனையும், பாறையிடுக்கில் நீண்ட கருமுட்கள் அசையக் கிடக்கும் கடல் முள்ளெலியையும் காணலாம்.

இம்முள்ளெலியை அறியாதார் மிதித்து அறிவர். ஏன் மிதிக்கின்றனர்? இச்செலவு முழுவதிலும் ஆராயத்தக்க வினா இதுவென்றே எமக்குத் தோன்றுகின்றது. வற்றுநேரத்தில் பவழமேடுகளின்மேல் நீர் இடுப்பளவோ மார்பளவோதான் நிற்கும். புதியவன் ஒருவன் குழாயில் உப்புநீர் புகுந்தவுடன் திடுக்கிடுகின்றான். திடுக்கிட்டவன் கால்களைத் தேடுகின்றான். கால்கள் தரையைத் தேடுகின்றன. அவன் ஊன்றிய இடம் பாறையன்று, உயிர். கிளைப்பவழம் ஆண்டொன்றிற் சாண் அளவு வளரக்கூடும். உருண்டு திரண்ட வகையோ ஆண்டுக்கு மிகச் சிறிதளவே வளர்கின்றது. முப்பது ஆண்டு வளர்ச்சி ஒரு மிதியில் உடைகின்றது. மிதித்தவன் காலும் கிழிகின்றது. பவழத்தை மிதிப்பார் பெரும்பாலும் கொடியர் அல்லர், அஞ்சினவர். ஆகவே ‘மிதிக்காதே’ என்னும் பலகையினும், செல்லுமுன் ஊர்க்குளத்திலோ நீச்சற்றொட்டியிலோ அரைநாள் பழகுதல் பயனுடையது. குழாயில் நீர் புகுந்தால் ‘பூ’ என்று ஊதித் தள்ளுதல், மிதவைச் சட்டையை நம்பி மல்லாந்து இளைப்பாறுதல் ஆகிய இரண்டும் கைவந்தவனுக்குத் தரை தேவைப்படுவதில்லை.

இப்பழக்கத்திற்கு இடங்கொடாதது செலவின் அட்டவணை. ஒரே நாளில் ஆறு இடம், ஏழு இடம் என்று எண்ணிக் காட்டி விற்பதால், ஒவ்வோர் இடத்திலும் அரைமணியே கிடைக்கின்றது. பாதி நேரம் கண்ணாடி மாட்டுவதிற் கழிய, மீதி நேரம் பதற்றத்திற் கழிகின்றது. ஏழு இடம் காட்டுவாரைவிட மூன்று இடங்களில் நின்று காட்டுவாரே தேரத்தக்கவர். படகை நங்கூரமிட்டு நிறுத்துவரா, மிதவையிற் கட்டுவரா என்றும் முன்னரே கேட்டறிக; பவழத்தின்மேல் வீழும் நங்கூரம் நூறு காலடிக்கு ஒப்பானது. ரொட்டி எறிந்து மீன்களைத் திரட்டிக் காட்டும் வழிகாட்டியும் உண்டு. பாசி மேயவேண்டிய மீன் ரொட்டிக்குக் காத்திருந்தால், மேயாத பாசி பவழத்தை மூடும். வெயிற்காப்புக் களிம்புகளிற் பவழத்திற்குக் கேடு செய்வனவாகக் கருதப்படும் நான்கு மருந்துப்பொருள்கள் கலந்தவற்றைத் தாய்லாந்து அரசு 2021-இல் தன் தேசியப் பூங்காக்களுள் விலக்கியது. முழுக்கைச் சட்டையொன்று அணிந்தால் அவ்வழக்கே எழாது; முகங்கவிழ்ந்து மிதப்பவனின் முதுகுதான் முதலில் வேகின்றது.

பீபீ லேயின் செங்குத்தான சுண்ணாம்புக் குன்றுகளுக்கிடையே அமைந்த பீலே நீர்நிலை பச்சைக் கண்ணாடி போல்வது. அண்மையிலுள்ள வைக்கிங் குகையின் முன் படகு மெதுவாகச் செல்லும். தம் உமிழ்நீராற் கூடுகட்டும் உழவாரன் பறவைகள் அங்கே உறைகின்றன. விலைமிக்க அக்கூடுகளை எடுப்போர் மூங்கிற் சாரங்களிற் குகையின் உச்சிவரை ஏறுவர்.

அத்தீவின் மற்றொரு பக்கத்தே உள்ளது மாயாக் குடா. 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘தி பீச்’ என்னும் திரைப்படம் அதனை உலகறியச் செய்தது. யாரும் அறியாத கடற்கரையைத் தேடும் இளைஞரின் கதையைப் பார்த்தவர், யாவரும் அறிந்துவிட்ட அக்கரைக்குத் திரண்டனர். நாளொன்றுக்கு ஐயாயிரம் பேர் வரை வந்தனர். படகுகள் நேரே குடாவினுட் புகுந்து மணலில் மூக்கை வைத்தன. பவழத்தின் பெரும்பகுதி அழிந்தது. 2018 ஜூன் மாதத்தில் நான்கு திங்களுக்கென்று அரசு குடாவை மூடியது. அவ்வளவிற் சீர்படாது என்று கண்டு தடையை நீட்டியது. படகினரும் விடுதியினரும் வருவாய் குன்றுமென்று முறையிட்டனர்; அம்முறையீடு பொய்யன்று, அவர்தம் அடுப்பு அதனால் எரிவது. எனினும் தடை நீங்கவில்லை. ஆராய்ச்சியாளர் பவழக் கிளைகளை நட்டு வளர்த்தனர். மூன்றரை ஆண்டு கழித்து 2022 ஜனவரியிலே குடா மீண்டும் திறக்கப்பட்டது.

இப்போது படகு குடாவினுள்ளே செல்வதில்லை. தீவின் பின்புறத்து லோ சாமா என்னும் இடத்தில் நிற்கின்றது. அங்கிருந்து மரப்பலகைப் பாதையில் நடந்து குடாவை அடையலாம். ஒரு வேளைக்கு இத்தனை பேரென்று வரையறை உண்டு. ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் ஆண்டுதோறும் மூடிவைக்கின்றனர். அங்கே நீந்துவதற்கு இடமில்லை. கண்ணாடியையும் குழாயையும் படகிலேயே விட்டுச் செல்லல் வேண்டும். கரைமணலில் நின்று பொறுமையாய் நோக்கினால், முழங்கால் ஆழமுள்ள தெளிந்த நீரில், முதுகுச் சிறகின் நுனி கருத்த சிறு சுறாக்கள் இரண்டு மூன்றாகக் கரையோரம் வந்து திரிவதைக் காணலாம். குடா மூடியிருந்த காலத்தில் அவை திரும்பி வந்தவை.