இசை உலகப் பொதுமொழியா?

"இசை ஓர் உலகப் பொதுமொழி" என்னும் கூற்றை மேடைதோறும் கேட்கின்றோம். கேட்பதற்கு இனிய இக்கூற்று எந்த அளவிற்கு உண்மையானது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

நிலமும் இசையும்

தொல்காப்பியர் நிலந்தோறும் அமையும் கருப்பொருள்களை எண்ணுமிடத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்துரைக்கின்றார். இதனால் நாம் அறிவது யாது? இசையில்லா நிலம் இல்லை. ஆயினும் ஒரு நிலத்தின் இசையே மற்றொரு நிலத்திற்கும் உரியதன்று. உணவைப் போன்று இசையும் பழகிச் சுவைப்பதேயாகும்.

செவியின் பழக்கம்

1971ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் நாள், வங்கதேச மக்களின் துயர் துடைக்க நியூயார்க்கில் ஓர் இசைவிழா நடைபெற்றது. பண்டிட் ரவிசங்கரும் உஸ்தாத் அலி அக்பர் கானும் தம் கருவிகளுக்குச் சுருதி சேர்த்து நிறுத்தியவுடன் அரங்கமே கைதட்டி ஆர்ப்பரித்தது. இசை இன்னும் தொடங்கவேயில்லை என்பதை அவையோர் உணரவில்லை! அன்பு நிறைந்த அவைதான். எனினும் செவி பழகியிருக்கவில்லை.

பொலிவியக் காடுகளில் வாழும் சிமானே பழங்குடியினரிடம் நிகழ்த்திய ஆய்வொன்று 2016இல் வெளிவந்தது. மேலைநாட்டார் இனிமை எனப் போற்றும் சுரச் சேர்க்கையையும், கரடுமுரடு என ஒதுக்கும் சேர்க்கையையும் அம்மக்கள் ஒரு நிகராகவே மதித்தனர். இனிமையுணர்விலும் பழக்கத்திற்குப் பெரும்பங்கு உண்டு என்பதற்கு இது சான்றாகும்.

கற்றலே பாலம்

அங்ஙனமாயின் இசை எல்லைகளைக் கடப்பது எவ்வாறு? கற்றலால் கடக்கின்றது. முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர், ஐரோப்பியக் கருவியாகிய வயலினைச் சென்னையில் ஓர் ஐரோப்பியரிடம் முறையாகப் பயின்றார். தோளில் தாங்கி வாசித்த அக்கருவியை நம்மவர் தரையில் அமர்ந்து, அதன் தலையைக் காலில் ஊன்றி, தந்திகளைச் சட்சமும் பஞ்சமுமாகச் சேர்த்துக் கமகம் குழைய வாசிக்கலாயினர். இன்று வயலின் இல்லாக் கருநாடக இசையரங்கு அரிது.

ஆந்திரப் பகுதியிலுள்ள கரவதியில் 1924இல் பிறந்த ஷேக் சின்ன மௌலானா அவர்களையும் இங்கு நினைவுகூர்தல் தகும். நாகசுரமே குடும்பக் கலையாக வாய்க்கப்பெற்றும் அவர் அதனோடு அமைந்துவிடவில்லை. தஞ்சைப் பாணியில் நாட்டங்கொண்டு, நாச்சியார்கோயில் இராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் மாணவராய் அமர்ந்தார். இசுலாமியராகிய அவர் திருவரங்கத்தில் குடியேறி, அரங்கன் சந்நிதியிலும் நாகசுரம் இசைத்தார். 1998ஆம் ஆண்டுக்குரிய சங்கீத கலாநிதி விருது அவரை வந்தடைந்தது.

நிறைவாக

கல்லாமலே விளங்குவது எனப் பொருள்கொண்டால் இசை பொதுமொழியன்று. கற்க வருவார்க்குக் குலமும் சமயமும் நாடும் கேளாது கதவு திறப்பது எனப் பொருள்கொண்டால், அதனினும் சிறந்த பொதுமொழி வேறில்லை. ஆகவே, பிறர் இசையை இரைச்சல் என்று ஒதுக்குமுன், அதனைக் கேட்க நம் செவி கற்றுள்ளதா என நம்மையே வினவிக்கொள்வோமாக.