ஓடும்போதே மணியும் தெரிய வேண்டுமா?

கேள்வி: என் கார்மின் ஃபோர்ரன்னர் வாட்ச்சில் ஓடத் தொடங்கியதும் ஸ்டாப்வாட்ச் மட்டுமே தெரிகிறது. எட்டு மணிக்குள் வீடு திரும்ப வேண்டும். மணியையும் சேர்த்துப் பார்க்க வழி உண்டா?

பதில்: உண்டு. ஸ்டார்ட் பட்டனை அழுத்தி ‘ரன்’ தேர்ந்தெடுங்கள். ஆனால் ஓட்டத்தைத் தொடங்க வேண்டாம். இடப்பக்கம் நடுவில் உள்ள பட்டனை அழுத்திப் பிடித்தால் மெனு வரும். அதில் ஓட்டத்துக்கான செட்டிங்ஸில் ‘டேட்டா ஸ்கிரீன்ஸ்’ இருக்கும். ஒரு திரையைத் தேர்ந்து, ஒரு கட்டத்தில் ‘டைமர்’, இன்னொன்றில் ‘டைம் ஆஃப் டே’ வையுங்கள். மாடலுக்கு மாடல் மெனுவின் வரிசை சற்று மாறும்.

திரையை நிறைத்துவிடாதீர்கள். ஓட்டத்தில் கை ஆடும். எழுத்து சிறுத்தால் எதுவும் தெரியாது. டைமர், தூரம், மணி என்று மூன்று போதும்.

முக்கியமான ஒன்று. ‘டைமர்’ வேறு, ‘எலாப்ஸ்டு டைம்’ வேறு. சிக்னலில் நின்று வாட்ச்சை நிறுத்தினால் டைமரும் நிற்கும். எலாப்ஸ்டு டைம் ஓடிக்கொண்டே இருக்கும். ஆட்டோ பாஸ் போட்டிருந்தால், நீங்கள் கை வைக்காமலேயே டைமர் நின்றுவிடும். 42.195 கிலோமீட்டர் மாரத்தானில் தண்ணீர் குடிக்க நின்ற நேரமும் உங்கள் கணக்கில்தான் சேரும். அதனால் போட்டி நாளில் ஆட்டோ பாஸை அணைத்துவிடுங்கள். பயிற்சியில் உங்களுக்கு வேண்டியது மணிதான். எட்டு மணிக்குள் திரும்பவேண்டிய கணக்கில் நீங்கள் சிக்னலில் நின்ற நிமிடங்களும் அடங்கும்.