பெற்றவளைப் பார்க்கச் சடவு வருமா?

"பெத்த தாயப் பாக்கதுக்குச் சடவு வருமா?" புற்றுநோயாளி இருக்கும் வீட்டுக்கு நலம் விசாரிக்க வருகிறவர்கள், போகிறபோக்கில் மகளிடம் இப்படிக் கேட்டுவிட்டுப் போவது தூத்துக்குடிப் பக்கம் புதிதல்ல. கேட்பவர் மனதில் குற்றம் சொல்லும் எண்ணம் இல்லை. ஆனால் அதன் பிறகு "ஆமா, வருது" என்று சொல்ல அந்த மகளுக்கு வாய் வராது.

சடவு, அதாவது அலுப்பு, வரத்தான் செய்யும். அமெரிக்க ஆய்வாளர்கள் ரிச்சர்ட் ஷுல்ஸும் ஸ்காட் பீச்சும், நோயுற்ற துணையைப் பராமரித்த முதியவர்களை நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்து 1999இல் முடிவை வெளியிட்டார்கள். அது புற்றுநோய்க்கு மட்டுமான ஆய்வல்ல. பராமரிப்பின் சுமையால் அவதிப்பட்டவர்களுக்கு, அந்தப் பொறுப்பு இல்லாதவர்களைவிட இறப்பு அபாயம் 63 விழுக்காடு கூடுதலாக இருந்தது. சுமையை உணராமல் பராமரித்தவர்களிடம் அப்படிக் கூடவில்லை. ஆகவே பேச வேண்டியது சுமையைப் பற்றித்தான். பாசத்தின் அளவை யாரும் சந்தேகிக்க வேண்டாம்.

"காப்பீடுதான் இருக்கே, என்ன செலவு?" என்பது அடுத்த கேள்வி. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. பெரிய உதவி, மறுப்பதற்கில்லை. ஆனால் கரண்டு வைப்பது என்று ஊரில் சொல்லும் கதிர்வீச்சுச் சிகிச்சை பெரும்பாலும் வாரம் ஐந்து நாள் வீதம் ஐந்து முதல் ஏழு வாரம் போகும். துணைக்கு வருகிற பெண் உப்பளத்தில் தினக்கூலி என்றால், அத்தனை நாள் கூலியும் போச்சு. மழைக்காலத்தில் அளத்தில் வேலை கிடையாது. சிகிச்சை கோடையில் விழுந்தால் வருடத்துச் சம்பாத்தியமே அடிபடும். அதைக் காப்பீடு ஈடுசெய்யாது. முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஏறி அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கேட்டுப் பெறலாம்: சிகிச்சைப் பயணத்தில் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நோயாளிக்குக் கட்டணமே இல்லை, உடன் செல்லும் ஒருவருக்கு 75 விழுக்காடு சலுகை. (1954இல் அந்த மருத்துவமனையைத் தொடங்கிய முத்துலட்சுமி ரெட்டி, 1923இல் தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். டாக்டராக இருந்தும் காப்பாற்ற முடியாத ஓர் அக்காவின் துயரம் அந்தக் கட்டடங்களுக்கு அடியில் இருக்கிறது.)

ஒரே ஆள் பார்த்தால்தான் நோயாளிக்கு நிம்மதி என்பார்கள். ஆனால் மன்னார் வளைகுடாவின் பழைய முத்துக்குளிப்பில்கூட, மூழ்க உதவும் ஒரு கல்லுக்கு இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் மூழ்கும்போது மற்றவர் மூச்சு வாங்குவார். வீட்டிலும் முறை வைத்துக்கொள்ளலாம். தம்பி வாரத்தில் இரண்டு நாள் ஆஸ்பத்திரிக்குப் போகட்டும், அண்ணன் ராத்திரி முழித்திருக்கட்டும். ஆண்கள் மலத்தொட்டி பிடிக்கக் கூடாது என்று எந்த மருத்துவ நூலிலும் எழுதவில்லை.

எல்லாவற்றையும்விடக் கனமான நம்பிக்கை ஒன்று உண்டு: "அம்மாட்ட சொல்லிராதீங்க டாக்டர், தாங்க மாட்டா." அன்பில்தான் சொல்கிறார்கள். ஆனால் புற்றுநோய் வார்டில் படுத்து, கீமோ ஏற்றி, முடி கொட்டிப்போனவருக்கு எதுவும் தெரியாது என்று எப்படி நம்புவது? பல வீடுகளில் இருவருக்குமே தெரியும். இருவருமே தெரியாத மாதிரி இருக்கிறார்கள். ரிப்போர்ட்டை ஒளித்துவைக்க வேண்டும், போனைத் தெருவுக்கு எடுத்துப்போய்ப் பேச வேண்டும், வருகிறவர்களை வாசலிலேயே எச்சரிக்க வேண்டும், அழுத முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே நுழைய வேண்டும். பராமரிப்பவரை இந்தக் காவல் வேலை அரித்துவிடுகிறது. நோயாளியோ தன் பயத்தையும், வீட்டுப் பத்திரத்தையும், கடைசிப் பிள்ளையின் கல்யாணத்தையும் பேச ஆளில்லாமல் கிடக்கிறார். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டியதில்லை. "ஒங்க நோயப் பத்தி எவ்வளவு தெரிஞ்சுக்கணும்?" என்று அவரையே கேட்டு, அவர் கேட்கும் அளவுக்குச் சொன்னால் போதும்.

ஒட்டிக்கொள்ளும் என்ற பயத்தில் நோயாளியின் தட்டைத் தனியாக வைக்க வேண்டாம். சாப்பாட்டிலோ தொடுவதிலோ புற்றுநோய் ஒட்டாது. வெளியிலிருந்து கரண்டு வைத்தவர் உடம்பில் கதிர்வீச்சு தங்காது, பேரப்பிள்ளையை மடியில் வைத்துக் கொஞ்சலாம். கீமோ ஏற்றிய முதல் இரண்டு நாள் மட்டும் வாந்தி, சிறுநீரைச் சுத்தம் செய்யும்போது கையுறை போடுவது நல்லது.

"மார்ஃபின் குடுத்தா பழக்கமாயிரும், அது கடைசி நேரத்து மருந்து" என்ற பயத்தில் எத்தனையோ வீடுகள் ராத்திரி முழுக்க முனகலைக் கேட்டுக்கொண்டு விழித்திருக்கின்றன. புற்றுநோய் வலிக்கு மருத்துவர் கண்காணிப்பில் கொடுக்கும்போது அடிமையாவது அபூர்வம். உண்மையான தொல்லை மலச்சிக்கல், அதற்கும் கூடவே மருந்து தருவார்கள். இப்படி வலியையும் அவதியையும் குறைக்கும் நோய்த்தணிப்புச் சிகிச்சை சாவுக்கு முந்தின வாரத்துக்கு உரியதும் அல்ல. முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் அதைத் தொடக்கத்திலேயே சேர்த்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2010இல் வெளியானது: அவர்களின் இடைநிலை ஆயுள் 11.6 மாதம், சேர்க்காதவர்களுக்கு 8.9. நோயாளி வலியில்லாமல் தூங்கினால் பக்கத்தில் இருப்பவரும் தூங்குவார்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களுக்கான நோய்த்தணிப்புப் பராமரிப்பு வீட்டுக்கே வருகிறது; பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்க வேண்டும். மனம் தாளாத ராத்திரியில் மனநல உதவி எண்ணான 14416க்குப் போன் போடலாம், கட்டணம் இல்லை. பேசுகிறவர் நோயாளியாகத்தான் இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லப்போவதில்லை.