தழலும் ஓடுபாதையும்

விமானப்படைத் தளத்தை அடுத்த பள்ளிகளில் பயில்வோர், பாடவேளையின் நடுவே சன்னல்கள் அதிரப் போர் விமானம் மேலெழும் ஓசையைக் கேட்டிருப்பீர்கள். அதன் வால்புறத்தில் நீளும் தழலைத் தோற்றுவிக்கும் பகுதியே பின்னெரிப்பான். எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான வளியில் எரியாத ஆக்சிஜன் மிகுதியாக எஞ்சியிருக்கும். அதில் மேலும் எரிபொருளைத் தெளித்து எரிக்க, உந்துவிசை ஏறத்தாழ ஒன்றரை மடங்காகப் பெருகுகிறது. அத்தழலின் வெப்பம் 1500 பாகை செல்சியசையும் கடக்கும். தாரோ கோடை வெயிலுக்கே இளகிவிடும்! அவ்வாறாயின் ஓடுபாதை உருகாதது ஏன்?

கற்பூரச் சுடரைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொள்கிறோம், கை சுடுவதில்லை. கையை அங்கேயே வைத்திருந்தால் சுடும். ஓடும் விமானத்தின் தழலும் ஓரிடத்தில் ஒரு நொடிகூட நிலைப்பதில்லை. அன்றியும், அது தரையை நோக்கிப் பாய்வதன்று. தரைக்கு மேலாகப் பின்னோக்கிச் செல்வது. தரையைத் தொடுமுன் குளிர்ந்த காற்றோடு கலந்து வெப்பத்தைப் பெரிதும் இழந்துவிடுகிறது.

ஆயினும், விமானம் நின்றவாறே எஞ்சினை முடுக்கும் இடங்களில் நிலைமை வேறு. அங்கே தார்ப்பரப்பு இளகும். சிந்திய எரிபொருளும் தாரைக் கரைக்கும். வளியின் வேகம் தளர்ந்த கற்களைப் பெயர்த்தெறியும். எனவே ஓடுபாதையின் முனைகளைப் பெரும்பாலும் காங்கிரீட்டால் அமைக்கின்றனர். காங்கிரீட்டும் முற்றிலும் தப்புவதில்லை. கடும் வெப்பம் நீடித்தால், அதன் நுண்துளைகளிலுள்ள ஈரம் ஆவியாகி மேற்பரப்பைச் சில்லுச் சில்லாய்ப் பெயர்க்கும். செங்குத்தாய் இறங்கும் எஃப்-35பி விமானம் தன் வெப்பவளியைத் தரைமீதே நேராகச் செலுத்துவதால், அதற்கென வெப்பம் தாங்கும் தளங்கள் தனியே அமைக்கப்படுகின்றன.

பெயர்ந்த சில்லு சிறியதுதானே என்று எண்ணிவிடாதீர்கள். அடுத்து வரும் விமானத்தின் எஞ்சின் அதனை உறிஞ்சினால், சுழலும் தகடுகள் சிதையும். விமானியின் உயிருக்கே ஊறு நேரலாம். ஆதலின், விமானத் தளங்களில் ஓடுபாதையை நாள்தோறும் பார்வையிட்டுப் பெருக்குகின்றனர். வானில் பறப்பவரை நாம் வியக்கிறோம். குனிந்து கல் பொறுக்குபவரை நினைப்பதில்லை.

அருஞ்சொற்பொருள்: தழல் – நெருப்பு, வளி – காற்று, ஊறு – தீங்கு.

வினா: ஓடும் விமானத்தைவிட, நின்றவாறு எஞ்சினை முடுக்கும் விமானம் தரையை மிகுதியாகச் சிதைப்பது ஏன்? நான்கு வரிகளில் எழுதுக.