பத்திரம் வங்கியில், வழக்கு நீதிமன்றத்தில்

வீட்டுக் கடனுக்காக மூலப் பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்த ஒருவர்மீது, அந்த மனைக்கு உரிமை கோரி அண்டை மனைக்காரர் வழக்குத் தொடுக்கிறார் எனக் கொள்வோம். ‘பத்திரம் வங்கியில் பத்திரமாக இருக்கிறதே’ என்று அவர் கவலையற்று இருந்துவிடுகிறார். சாட்சி விசாரணை தொடங்கிய பின்னரே, தம் எதிருரையுடன் அப்பத்திரம் தாக்கலாகவில்லை என அறிகிறார். இனி வழி உண்டா?

உண்டு, ஆனால் அது உரிமையன்று, நீதிமன்றத்தின் அனுமதி.

உரிமையியல் நடைமுறைச் சட்டம், 1908-இன்படி, வாதி வழக்குரையுடனும் (கட்டளை 7, விதி 14), பிரதிவாதி எதிருரையுடனும் (கட்டளை 8, விதி 1-ஏ) தாம் சார்ந்து நிற்கும் ஆவணங்களைப் பட்டியலிட்டுத் தாக்கல் செய்ய வேண்டும். ஆவணம் தம் வசம் இல்லையெனில், யாரிடம் உள்ளது என்பதை இயன்றவரை குறிப்பிட வேண்டும். ‘மூலப் பத்திரம் இன்ன வங்கிக் கிளையில் உள்ளது’ என்னும் ஒரு வரி, பின்னாளில் எழக்கூடிய ஐயத்தைத் தவிர்க்கும்.

அவ்வாறு தாக்கலாகாத ஆவணத்தை ஏற்கக் கோரும் மனுவில், அது வழக்கிற்கு ஏன் இன்றியமையாதது, ஏன் தாமதமாயிற்று என்பவற்றை உண்மையாக விளக்க வேண்டும். காணாமற்போய்ப் பின்னர் கிடைத்த ஆவணங்கள் குறித்த ஒரு வழக்கில், 2020-இல் உச்ச நீதிமன்றம் பிரதிவாதிகளுக்கு அனுமதி அளித்தது. நடைமுறை விதிகள் நீதிக்குத் துணைநிற்பவை. எதிர்த்தரப்புக்குப் பெரும் பாதிப்பு நேராதவிடத்து நீதிமன்றம் கடுமை காட்டலாகாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். எனினும், அனுமதி பெறுவது வேறு. ஆவணத்தை மெய்ப்பிப்பது வேறு.

மேல்முறையீட்டில் வாயில் மேலும் குறுகும். கீழமை நீதிமன்றம் தவறாக ஏற்க மறுத்திருத்தல், உரிய முயற்சி செய்தும் முன்பு தாக்கல் செய்ய இயலாதிருத்தல், தீர்ப்பளிக்க மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கே தேவைப்படுதல் போன்ற காரணங்கள் வேண்டும் (கட்டளை 41, விதி 27). கவனக்குறைவை ஈடுசெய்ய அவ்விதி உதவாது.

ஆகவே அழைப்பாணை கிடைத்தவுடன் செய்ய வேண்டியவை:

1. கிளை மேலாளருக்கு எழுத்து மூலம் தெரிவித்து, பத்திர நகல் கோருங்கள். எதிருரைக்கான காலம் பொதுவாக 30 நாள்களே.

2. சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகலும் வில்லங்கச் சான்றும் பெறுங்கள்.

3. மூல ஆவணமே தேவைப்படின், அதனை முன்னிலைப்படுத்த வங்கிக்கு அழைப்பாணை அனுப்புமாறு வழக்கறிஞர் வழியாக நீதிமன்றத்தை வேண்டுங்கள்.

4. கடன் முழுவதும் தீர்ந்திருப்பின், பத்திரத்தை உடனே மீட்டுக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கியின் 2023 செப்டம்பர் 13-ஆம் நாளிட்ட அறிவுறுத்தலின்படி, 30 நாள்களுக்குள் அதனைத் திருப்பித் தர வேண்டும். வங்கியால் நேரும் தாமதத்துக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு உண்டு.

பத்திரத்தைக் காப்பது வங்கியின் கடமை. உரிய நாளில் அதனை நீதிமன்றத்தின் பார்வைக்குக் கொண்டுவருவது உரிமையாளரின் பொறுப்பு.